எந்தத் தண்ணீருக்கு எந்த நெல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெள்ளம் தாங்கும் நெல் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் எந்த மழைக்கும் இந்த ரகம் தப்பித்துவிடும் என்று டெல்டாவில் யாராவது நம்பிவிடக் கூடாதே என்று எழுதுகிறேன்.

நாங்கள் ஆயிரத்தொன்பது என்று சொல்லும் சி.ஆர். 1009 ரகத்தில், ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ நெல்லிலிருந்து வந்த, முழுகினாலும் தாங்கும் சப்-1 குணத்தைச் சேர்த்ததுதான் சி.ஆர். 1009 சப்-1. மரபணு மாற்றுப் பயிரா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, மகரந்தம் சேர்த்துச் செய்த கலப்புதான். சாதாரண நெல் முழுகினால் தண்ணீருக்கு மேலே தலைநீட்டப் பார்த்து, இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, வடிந்ததும் துவண்டு விழும். சப்-1 வளராமல் அப்படியே கிடக்கும். இரண்டு வாரம் வரை முழுகினாலும் வடிந்தபின் துளிர்க்கும். என் பள்ளக்கால் வயலில் ஒன்பது நாள் கிடந்து துளிர்த்ததைப் பார்த்தவன் நான்.

ஆனால் அது நட்டு வேர்பிடித்த பயிர். மேட்டூர்த் தண்ணீர் தள்ளிப்போகும் ஆண்டுகளில் எங்கள் பக்கம் நேரடி விதைப்புதான். விதைத்த வாரத்திலேயே மழை கொட்டினால் விதை முளைக்காமலே அழுகிப்போகிறது. அங்கே சப்-1 உதவாது. தண்ணீருக்கு அடியிலேயே முளைக்கிற குணம் தனி. மியான்மர் நெல் ஒன்றில் அது இருக்கிறது. அதற்கான மரபணு ஒன்றை 2015-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அது எங்கள் சம்பா ரகங்களுக்கு எப்போது வரும்? கட்டுரையாளர் விஞ்ஞானிகளிடம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

2021 ஜனவரி மழையில் கதிர் முற்றிய பயிர் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. அதற்கும் சப்-1 மருந்தல்ல. தண்டு சாயாமல் நிற்கணும், வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை இல்லாமல் இருக்கணும்.

அப்புறம் ஒன்று. போன பருவத்தில் சப்-1 கேட்டுப் போன எனக்கு, "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்று பழைய ஆயிரத்தொன்பதையே கட்டிவிட்டார் ஒரு கடைக்காரர். நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். நான் வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.