உன் மாணவர்களின் முதல் மென்பொருள் பேட்ச்

கோயம்புத்தூர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுகிறாரா? அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் நின்று போட வேண்டும். இங்கே எல்லோரும் நலம். நிலா பிளஸ் டூ முடித்துவிட்டாள், வேளாண்மை படிக்க வேண்டும் என்கிறாள். எனக்கு முழுச் சம்மதம். அவள் அப்பாதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள் திட்டங்களுக்கு இத்தனை புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்ப வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு என்று உங்கள் துறையில் முடிவெடுக்கப் போகிறார்கள் என்றாய். கலா, உன்னால் முடிந்தால் அந்த எண்ணிக்கையை மட்டும் எப்படியாவது எடுக்கச் சொல். மாணவர்கள் பங்களிக்கட்டும், அதில் எனக்கு அவ்வளவு ஆசை. எண்ணிக்கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். முதல் சில நாட்களிலேயே, திட்டத்தை அறிமுகப்படுத்தும் முகப்புக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தும் ஒரு புள்ளியை நீக்கியும் குப்பை குவிந்தது. விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நிகழ்வின் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2024-இல், இணையச் செயலிகள் கட்ட உதவும் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் திட்டத்துக்கும் அதே கதி. பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்த்த நம் நாட்டு மாணவர்கள், அதன் முகப்புக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி வரிசையாக அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கோரிக்கைகளை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதைத்தான் நான் உன்னிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாம் அனுப்பும் ஒவ்வொரு மாற்றமும் இன்னொருவரின் நேரத்தைக் கேட்கிறது. பெரும்பாலும் சம்பளமில்லாத நேரம், வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு அவர் ஒதுக்குகிற நேரம். அதைக் கேட்கும் தகுதி நம் மாற்றத்துக்கு இருக்க வேண்டும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு நாங்கள் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் கருவி செய்து தருகிறோம் அல்லவா? அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம். மின்சாரத்தைச் சேமிக்கக் கருவி உறக்கத்துக்குப் போய் விழிக்கும்போது ஈரப்பதம் மட்டும் தப்பாகக் காட்டியது. தேடிப் பார்த்தால், விழித்தெழும்போது சென்சாரின் அமைப்புகளை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள டிரைவர் (சென்சாரை இயக்கும் நிரல்) திரும்ப எழுதவில்லை. எங்கள் பிரதியில் மட்டும் திருத்திவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் இதே சென்சாரை வேறு எங்கோ ஒருவர் மருந்துக் கிடங்கில் வைத்திருக்கக்கூடும். அந்த எண்ணம் வந்த பிறகு அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

கெர்னலுக்கு மாற்றம் அனுப்பும் முறை பழைய பாணி. கிட்ஹப் தளத்தில் பொத்தானை அழுத்துவது இல்லை. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி மூலம், மாறிய வரிகளைக் காட்டும் பேட்ச் கோப்பாக்கி, இணைப்பாக வைக்காமல் வெற்று எழுத்தாகவே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அப்போதுதான் மறுமுனையில் இருப்பவர் நம் நிரலின் வரிக்குக் கீழேயே தன் கருத்தை எழுத முடியும். யாருக்கு அனுப்புவது என்பதைக் கெட்_மெயின்டெய்னர் என்ற சிறு நிரல் சொல்லிவிடும். நிரலின் எழுத்து நடை சரியா என்பதைச் செக்பேட்ச் என்ற இன்னொரு நிரல் பார்த்துச் சொல்லும். உள்தள்ளலுக்கு எட்டு இடம் அகலமுள்ள டேப், இன்னும் எத்தனையோ. இவையெல்லாம் ஒரு மாலையில் பழகிவிடும், உன் மாணவர்கள் இதற்குத் திணற மாட்டார்கள்.

நேரம் எடுப்பது விளக்கக் குறிப்புதான். நிரல் மாற்றம் பத்து வரிகூட இல்லை. அதன் மேல் எழுத வேண்டிய குறிப்புக்கு ஒரு முழுநாள் போயிற்று. என்ன கெடுகிறது, யாருக்குக் கெடுகிறது, எந்தப் பழைய மாற்றத்தால் இந்தக் குறை நுழைந்தது, ஏன் இந்த வழியில் சரிசெய்கிறேன் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். நாளை நானே இந்த வேலையில் இல்லாமல் போகலாம். அந்த வரியைப் பார்த்து ‘இது எதற்கு?’ என்று யோசிப்பவருக்கு அந்தக் குறிப்பு மட்டுமே மிஞ்சும். ஒரு பேட்சில் ஒரே ஒரு மாற்றம் என்ற விதியும் இதே அக்கறையிலிருந்து வந்தது. பின்னால் ஏதாவது உடைந்தால், கிட்டில் பைசெக்ட் செய்து, பழைய மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் குற்றவாளியைப் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் கெர்னல் தொகுக்கப்பட்டு ஓடினால்தான் அது நடக்கும்.

குறிப்பின் அடியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இட வேண்டும். 2003-இல் எஸ்சிஓ என்ற நிறுவனம், தன் நிரல் லினக்ஸில் புகுத்தப்பட்டது என்று ஐபிஎம் மீது வழக்குத் தொடர்ந்தது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய தேவை எழுந்தது. அடுத்த ஆண்டே இந்தக் கையொப்ப வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. மாணவர்களிடம் இதை நிதானமாகச் சொல். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நிரலுக்குக் கீழே அந்தப் பெயரை இடக்கூடாது.

அனுப்பிய பிறகு ஒரு வாரமாவது பொறுமையாக இருக்க வேண்டும். எனக்குப் பதில் வந்தது: இந்த டிரைவர் இன்னொரு சிப்புக்கும் பயன்படுகிறதே, அதிலும் இந்தக் குறை உண்டா என்று கேட்டார் பராமரிப்பாளர், அதாவது அந்தப் பகுதியைக் கவனித்து மாற்றங்களை ஏற்பவர். அந்தச் சிப் என்னிடம் இல்லை, அதையே எழுதினேன். சில நாட்களில் முன்பின் தெரியாத ஒருவர், தன்னிடம் உள்ள மின்சுற்றுப் பலகையில் என் பேட்சை ஓட்டிப் பார்த்து, சரியாக வேலை செய்கிறது என்று ‘டெஸ்டட்-பை’ என்ற வரியோடு பதில் போட்டார். கலா, அந்த மின்னஞ்சலை நான் நிலாவை அழைத்துக் காட்டினேன். குறிப்பை இன்னும் தெளிவாக்கி இரண்டாம் பதிப்பை அனுப்பினேன். அது அந்தப் பிரிவின் கிளையில் சேர்ந்து, பிறகு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மரத்துக்கு, அதாவது முதன்மை நிரல் தொகுப்புக்குப் போனது. இப்போது பழைய நிலையான பதிப்புகளுக்கும் போயிருக்கிறது.

பதில் தாமதமானால் மாணவர்கள் கோபப்படுவார்கள். அப்போது எக்ஸ்இசட் கதையைச் சொல். கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட ஒருவரே தாங்கிவந்தார். ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். அதே காலத்தில் நல்ல பேட்சுகள் அனுப்பி நம்பிக்கை பெற்ற ஒருவர் பராமரிப்பாளராகவே ஆகி, 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வெளியார் கணினிக்குள் புக வழிசெய்யும் ரகசியப் பின்கதவை வைத்துவிட்டார். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. இதற்குப் பிறகு ஒரு பராமரிப்பாளர் நம்மை நிறுத்தி நாலு கேள்வி கேட்டால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆங்கிலம் பற்றி உன் மாணவிகள் தயங்குவதாக எழுதியிருந்தாய். தயங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். லினஸ் டோர்வால்ட்ஸே பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசி வளர்ந்தவர். பராமரிப்பாளர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சிறு சிறு வாக்கியங்களாக, என்ன, ஏன் என்று எழுதினால் போதும். அலங்காரமாக எழுதப்போய்ப் பொருளை மறைப்பதைத்தான் அவர்கள் வெறுக்கிறார்கள்.

துறையில் நீ இப்படிக் கேட்டுப் பார். ஒரு செமஸ்டருக்கு ஒருவர் ஒரே ஒரு மாற்றம் செய்யட்டும். அது ஏற்கப்பட்டதா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டாம், அது அவர்கள் கையில் இல்லை. குறையைக் கண்டுபிடித்த விதம், எழுதிய குறிப்பு, கேள்விகளுக்குச் சொன்ன பதில் ஆகியவற்றைப் பார்த்துப் போடட்டும். கெர்னல்தான் வேண்டும் என்பதும் இல்லை. பயர்பாக்ஸின் தமிழாக்கத்தில் அவர்களை உறுத்தும் ஒரு வரியைத் திருத்தினாலும் அது முழுமையான பங்களிப்புதான்.

அடுத்த கடிதத்தில் ஒரு பட்டியல் அனுப்பு: எந்த மாணவர் எந்தத் திறமூல மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறார், அதில் எது அவரைத் தொல்லை செய்கிறது என்று. அங்கிருந்து தொடங்குவோம். அவர்கள் எழுதும் குறிப்புகளை அனுப்புவதற்கு முன் நான் படித்துக் கருத்துச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நேரம் இருக்கிறது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா