பழைய இயந்திரத்தில் புதிய கேஸ் வேண்டாம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கும் அப்படியே.

உன் குளிர்பதனக் கிடங்கின் இயந்திரத்தில் குளிரூட்ட ஓடும் ஆர்-404ஏ கேஸை எடுத்துவிட்டு, அதே இயந்திரத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே கூடாது. உன் குழாயும், கேஸைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டன்சரும் 28 பார் அழுத்தத்துக்குக் கட்டப்பட்டவை (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கார்பன் டை ஆக்சைடு 20 டிகிரியில் சும்மா நிற்கும்போதே சுமார் 57 பார் இருக்கும். ஓடும்போது 90, 100 பார் போகும். கம்ப்ரஸர், காயில், வால்வு, குழாய் எல்லாமே மாற வேண்டும். உயரழுத்தப் பக்கத்துக்கு இரும்பு கலந்த செம்புக் குழாயோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் சரி.

மாற்றத்தான் வேண்டுமா என்றால், வேண்டும் என்பேன். ஒரு கிலோ ஆர்-404ஏ கசிந்தால் புவி சூடேறுவதில் அது ஏறத்தாழ 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இப்படிப்பட்ட கேஸ்களைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 2016 கிகாலி உடன்பாட்டுக்குப் பிறகு இவற்றின் உற்பத்தியும் படிப்படியாகக் குறைந்துகொண்டுதான் போகும்.

நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கேஸ் கூலரை, அதாவது கண்டன்சருக்குப் பதிலாக வந்து சூடான கேஸைக் குளிர்விக்கும் காயிலை. 31 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அங்கே வெப்பநிலையும் அழுத்தமும் தனித்தனி. அழுத்தத்தை உயரழுத்த வால்வுதான் முடிவு செய்கிறது. கூலரிலிருந்து 35 டிகிரியில் வெளிவந்தால் 90 பார் வை. அதை 35 பாரில் இருக்கும் ரிசீவருக்குள் (திரவம் சேரும் தொட்டி) விடும்போது நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல் ஆவியாகப் போய்விடும். அதே 35 டிகிரியில் 80 பார்தான் வைத்தாய் என்றால் ஆவி அறுபதைத் தாண்டும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. பலர் கம்ப்ரஸரைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான். வெயில் கடுமையான இடமென்றால் அந்த ஆவியை நேரே இழுக்க இணைக் கம்ப்ரஸர் ஒன்று வை. கூலருக்குள் போகும் காற்றை நீர் நனைத்துக் குளிரவைப்பதும் நல்ல பலன் தரும்.

கேஸ் ஏற்றும்போது அவசரம் கூடாது. வேக்குவம் இழுத்தபின் முதலில் ஆவியை மட்டும் விடு. 5.2 பாருக்குக் கீழே திரவம் என்ற நிலையே இதற்குக் கிடையாது. திரவத்தை விட்டால் உள்ளே உலர் பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். 10 பார் வந்தபிறகு திரவம் ஏற்று. சிலிண்டர் 99.99 சதவீதத் தூய்மையானதாக, ஈரம் இல்லாததாக இருக்கட்டும். ஈரம் சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

இரண்டு வால்வுகளுக்கு நடுவே திரவத்தை அடைத்துவிடாதே. ஒரு டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 10 பார் ஏறும், குழாய் வெடிக்கும். அப்படி அடைபடக்கூடிய ஒவ்வொரு பகுதிக்கும் பாதுகாப்பு வால்வு தேவை. ரிசீவரில் அதை மேலே, ஆவிப் பக்கத்தில் வை; திரவப் பக்கத்தில் வைத்தால் வெளியேறும்போதே பனியாகி வாயை மூடிவிடும்.

மின்சாரம் நின்றால் ரிசீவரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதைக் குளிர்விக்கத் தனி மின்வசதியுடன் ஒரு சிறு யூனிட் வைத்துக்கொள். அறைக்குள் கசிவுக் கருவி தரையை ஒட்டி இருக்கட்டும், காற்றைவிடக் கனமான வாயு அல்லவா. 5,000 பிபிஎம்மில் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு) மணி அடிக்கும்படி வை. இதற்கு வாசனை கிடையாது, மூக்கை நம்ப முடியாது.

கோடையின் உச்ச வெப்பநிலை, மொத்தக் குளிர்ச்சுமை, அறைகளுக்குத் தேவையான டிகிரி மூன்றையும் அடுத்த கடிதத்தில் எழுது. இணைக் கம்ப்ரஸரின் அளவைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்