பிரிக்பீல்ட்ஸ் சாலைகளில் ஓடும் அம்மாவிடமிருந்து

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். இந்த வயதில், அத்தனை வாகனங்களுக்கு நடுவே எதற்காக ஓட வேண்டும், பக்கத்தில் உடற்பயிற்சிக் கூடம் எதுவும் இல்லையா என்று கேட்டிருந்தாய். கூடம் இருக்கிறது; ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு இயந்திரத்தின் மேல் ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சாலையைப் பற்றிய உன் பயத்துக்கு மட்டும் விரிவாகவே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பயம் நியாயமானது.

திருச்சியில் பழகிய கடிகாரம் இங்கே, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், உதவாது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் தன் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தி போர்னியோ தீவிலுள்ள தன் மாநிலங்களான சபா, சரவாக்கின் நேரத்தோடு இணைத்துக்கொண்டதால், கோலாலம்பூரில் சூரியன் உதிக்கவே பெரும்பாலான மாதங்களில் ஏழு மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தால் பள்ளி வேன்களும் அலுவலகக் கார்களும் துன் சம்பந்தன் சாலையை அடைத்துக்கொள்கின்றன. இருட்டிலேயே கிளம்பினால் சாலை காலியாக இருக்கிறது, ஆனால் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்கு நான் தெரிவதில்லை. ஆகவே ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகள் வைத்த மேல்சட்டையை அணிந்துகொண்டு ஆறே காலுக்கு இறங்கி, நெரிசல் தொடங்குவதற்குள் வீடு திரும்பிவிடுகிறேன்.

நம் ஊரைப் போலவே இங்கும் வண்டிகள் இடப்பக்கமாகத்தான் செல்கின்றன. நடைபாதை இல்லாத இடங்களில், எதிரே வருபவரை நான் பார்க்கும்படி வலது ஓரமாக ஓடுகிறேன். இதில் ஒரு சிக்கல் உண்டு, யாரும் எளிதில் சொல்லித் தருவதில்லை. குறுக்குத் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநர் வலப்பக்கம் வரும் வண்டிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். நானோ அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருகிறேன். அவர் என்னைக் கண்ணோடு கண் பார்த்துத் தலையசைக்காத வரை நான் அந்தக் காரின் முன்னால் கடப்பதில்லை, காருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போகிறேன். ஓட்டத்தின் வேகம் கெடுகிறதே என்று அலுத்துக்கொள்ள எனக்கு யாரும் பதக்கம் வைத்துக் காத்திருக்கவில்லை.

மோட்டார் சைக்கிள்கள் வேறு வகை. நெரிசல் கூடினால் அவை நடைபாதையிலும் ஏறும், எதிர்த்திசையிலும் வரும். காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொள்ளாததற்கு அதுவே காரணம். பின்னாலிருந்து வந்து பறித்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா முதல் வாரமே எச்சரித்தார். அன்றிலிருந்து தாலிச் சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடுதான் ஓடுகிறேன். உன் பாட்டிக்குத் தெரிய வேண்டாம்.

பார்வையற்றோருக்கான சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால், பார்வையற்றவர்கள் பலர் இங்கே தினமும் நடமாடுகிறார்கள். அவர்கள் கோலாலும் பாதத்தாலும் தடவி வழியறிவதற்காக நடைபாதையில் மேடு வரிகள் கொண்ட மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. மழை பெய்த மறுநாள் அந்த ஓடுகள் பாசி பிடித்த படித்துறையைப் போல் வழுக்கும். வழுக்காவிட்டாலும் அந்தக் கோடு அவர்களுடையது. எதிரே வெள்ளைக் கோல் தட்டும் ஓசை கேட்டால் நான்தான் சாலையோரம் இறங்கி வழிவிட வேண்டும். அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் (நம் பரோட்டா போன்றது) சாப்பிடப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

வெயிலைவிடப் புழுக்கமே பெரிய எதிரி. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை வடிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே உள்ள ஊரில் மார்கழியை எதிர்பார்த்துப் பயனில்லை. இங்கே நடக்கும் மாரத்தான் போட்டியையே விடியுமுன் தொடங்கிவிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள். நான் பின்பற்றுவது, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை: களைப்பு வருவதற்கு முன்பே, திட்டமிட்டுச் சிறிது நடந்துவிட்டு மீண்டும் ஓடுவது. ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று கொள்கிறேன். பூ கட்டும் அம்மாளிடம் அந்த வாக்கியத்தைத் தினமும் சொல்லிவிடுவதால், என்னைவிட அவருக்கே என் மூச்சின் நிலை நன்றாகத் தெரியும்.

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் காடும், மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலமும் எரிந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்று மாசுக் குறியீடு நூறைத் தாண்டினால் ஓட்டம் கிடையாது. 2019 செப்டம்பரில் பள்ளிகளையே மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையை விட்டுவிட்டு, 1888இல் உருவான ஏரித் தோட்டத்துக்கு, அதாவது இன்றைய பெர்டானா தாவரவியல் பூங்காவுக்கு உன் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போகிறேன். அவர் நடப்பார், நான் ஓடுவேன், இருவரும் ஒன்றாகப் பசியாறுவோம்.

விடுமுறைக்கு வரும்போது நீயும் என்னோடு ஓடலாம். பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் கல்லாய்க் கனக்கும். காலணி மட்டும் இரண்டு ஜோடி எடுத்து வா. இந்த ஈரத்தில் ஒரு நாள் நனைந்தது மறுநாள் காலைக்குள் காய்வதில்லை.

அன்புடன்,
அம்மா