சான்றிதழ் எண்ணிக்கை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்கு நகர நிர்வாகங்கள் பொதுப்பணத்தைச் செலவிடுவது வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்ற கணக்கோடு நிர்வாகங்கள் நிறுத்திக்கொள்வதும் சரியல்ல.

2012 கோடையில் சிகாகோ நகரம், வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளி மாணவர்களுக்கு எட்டு வாரம் கூலியுடன் வேலை கொடுத்தது. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் தேர்வு. இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட முடிந்தது அதனால்தான். மொத்தம் 1,634 பேர். அடுத்த 16 மாதங்களில், வேலை பெற்றவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானது 43 சதவீதம் குறைவு. அதே சமயம், பின்னாளில் வேலை கிடைப்பது சராசரியாகப் பெரிதாகக் கூடவில்லை என்றும் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. அளந்து பார்த்ததால்தானே இரண்டும் தெரியவந்தது!

வேலையில் அமர்த்திய எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. எப்படியும் வேலை கிடைத்துவிடக்கூடியவர்களாகப் பார்த்துப் பயிற்சி மையங்கள் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். படிப்பைப் பாதியில் விட்டவர் வாசலிலேயே நிற்பார்.

இன்னொன்று, உதவித்தொகை. ஜெர்மனியில் தொழில் பழகுபவர் வாரத்தின் பெரும்பகுதி நிறுவனத்தில் வேலை செய்கிறார், ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறார். நிறுவனம் அவருக்கு மாதாமாதம் ஊதியம் தருகிறது. வீட்டுச் செலவைச் சுமக்கும் பிள்ளையைப் பேருந்துக் கட்டணம்கூடக் கொடுக்காமல் ஆறு மாதம் வகுப்பில் உட்காரச் சொன்னால் எப்படி வருவார்?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்