வேலையை விட்டுத் தேனீ வளர்க்க வரும் மகளுக்கு

அன்புள்ள மகளே,

திருவனந்தபுரத்து ஐடி வேலையை விட்டுவிட்டு ஊரில் தேனீ வளர்க்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா தினமும் எனக்குப் போன் செய்கிறாள். "பிஇ படிக்க வைத்தது பெட்டி தூக்கவா?" என்று ஒரே புலம்பல். சித்தி சொன்னால் நீ கேட்பாய் என்று நம்புகிறாள், பாவம்.

நான் வா என்றுதான் சொல்வேன். உனக்கு வீட்டுக்கடன் இல்லை, ஃபீஸ் கட்ட வேண்டிய பிள்ளை இல்லை. இரண்டு வருடம் வீணாய்ப் போனாலும் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரலாம். நாற்பது வயதில் இதைச் செய்தால் வீடே ஆட்டம் காணும்.

ஆனால் நீ பார்த்தது மாசி மாதத்துத் தேன். ரப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது இலைக்காம்பு நுனியில் சுரக்கிற இனிப்பைத்தான் நம் தேனீ எடுக்கிறது. (ரப்பர் பூத் தேன் என்று சொல்லி விற்கிறார்கள், அது கிடக்கட்டும்.) அப்போது யார் பெட்டியைத் திறந்தாலும் ஆசை வரும். ஜூனில் மழை பிடித்தால் கதையே வேறு. சீனிப்பாகு காய்ச்சி நீதான் ஊட்ட வேண்டும். பட்டினி போட்டால் கூட்டம் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். வரவு கிடையாது, சீனிச் செலவு மட்டும்தான்.

அப்புறம் நோய். 1920களில் மார்த்தாண்டம் ஒய்எம்சிஏ மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நம் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கிவிட்ட தொழில் இது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்தது. புழுக்கள் கூட்டுப்புழு ஆகும் முன்பே நீர் கோத்த பை மாதிரி ஆகிச் செத்தன. தென்னிந்தியாவில் நாம் பெட்டியில் வளர்க்கிற இந்தியத் தேனீயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டது. தாத்தாவின் பெட்டிகளும் காலி.

தாத்தா வைராக்கியத்தால் மீண்டார் என்று நம் வீட்டில் பெருமை பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டி அண்டியாபீஸுக்கு, அதுதான் முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போய்க் கொண்டுவந்த கூலியில் உலை கொதித்தது. அதனால்தான் எங்கோ தப்பிய ஒரு கூட்டத்தை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பெருக்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. அவரைவிடத் தொழில் தெரிந்தவர்கள் கடன் வாங்கிப் பெட்டி வைத்திருந்தார்கள். வட்டி கட்ட வழியில்லாமல் ரப்பர் பால்வெட்டுக் கூலிக்குப் போனவர்கள் தேனீப் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கவனித்தாயா?

உனக்கு அந்தக் கூலி உன் சம்பளம்தான். ஒரு வருடச் சாப்பாட்டுக்குச் சேரும்வரை ராஜினாமா எழுதாதே. நகையை அடகு வைக்காதே. முதலில் ஐந்து பெட்டி போதும். வாரநாளில் பாகு ஊற்ற நான் இருக்கிறேன், சனி ஞாயிறு நீ வந்து பார். ஒரு ஆடி மாதம் கழிந்த பிறகும் இதே ஆசை இருந்தால் வேலையை விடு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். சீனிக் காசு மட்டும் மாதாமாதம் அனுப்பிவிடு.

அன்புடன்,
சித்தி