‘அட்டெஸ்ட்’ என்றால் கூட நின்று பார்ப்பது: கடலூர் பத்திர எழுத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பத்திரம் எழுதும் அன்பர்களுக்கு வணக்கம்.

ஜெராக்ஸை அட்டெஸ்ட் பண்ண வேண்டும், உயிலில் இரண்டு பேர் அட்டெஸ்ட் பண்ண வேண்டும் என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்கிறோம். வேலை வேறு. நகலில் போடுவது ‘மூலத்தோடு ஒத்திருக்கிறது’ என்ற உறுதி. உயிலில் போடுவது ‘இவர் கையெழுத்திட்டதற்கு நான் சாட்சி’ என்ற உறுதி. இது கலங்குவதால்தான் உயிலைச் சாட்சியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் வருகிறது.

சொல்லின் வேரே இதைத் தடுக்கிறது. பிரெஞ்சில் ‘அத்தெஸ்தே’, அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் மூலமான லத்தீன் ‘டெஸ்டிஸ்’ என்றால் சாட்சி. இருவருக்கிடையே மூன்றாவதாக நிற்பவர் என்று அதற்கு வேர்ப்பொருள் காட்டுகிறார்கள். உயிலைக் குறிக்கும் ‘டெஸ்டமென்ட்’டும் இதே குடும்பம். நம் ‘சாட்சி’ வடமொழியிலிருந்து வந்தது, ‘கண்ணோடு இருப்பவர்’ என்று பொருள். ஒரு சொல் நிற்கச் சொல்கிறது, மற்றது பார்க்கச் சொல்கிறது. சட்டம் கேட்பதும் அந்த இரண்டையும்தான்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 3ஆம் பிரிவின்படி சாட்சி இருவராவது வேண்டும். எழுதிக்கொடுப்பவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும்; அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையிலேயே சாட்சியும் கையெழுத்திட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இருக்கத் தேவையில்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்கவும் தேவையில்லை. இதைப் பலர் நம்பவே மாட்டார்கள். உயிலுக்கு 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் 63ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தானப் பத்திரத்துக்கும் இரு சாட்சி கட்டாயம். கிரையத்துக்குச் சட்டம் கேட்பதில்லை, வழக்கம்தான்.

உயில் வழக்கென்று வந்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடும் வரக்கூடிய நிலையிலும் இருக்கும்வரை அவரைக் கோர்ட்டில் விசாரித்தாக வேண்டும். ‘வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், போட்டேன்’ என்று அவர் சொல்லிவிட்டால் உயில் நிற்பது கடினம். உயில் எழுதிவைப்பவரைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாக அழைக்கச் சொல்லுங்கள். தகப்பனார் பெயரும் முழு முகவரியும் வாங்குங்கள்.

வெறுமனே ‘சாட்சிகள்’ என்று போட்டுக் கோடிழுப்பதை விட்டுவிட்டு, ‘எழுதிக்கொடுப்பவர் கையொப்பமிட்டதை நேரில் பார்த்து, அவர் முன்னிலையில் கையொப்பமிட்டோம்’ என்று அச்சடியுங்கள். இன்ன வாசகம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லைதான். ஆனாலும் படித்துப் பார்க்கும் சாட்சி, பார்க்காததற்குக் கையெழுத்திடத் தயங்குவார். அந்தத் தயக்கம் வேண்டும்.

இன்னொன்று. அடியில் ‘எழுதியவர்’ என்று நீங்கள் போடும் கையெழுத்து மட்டும் சாட்சிக் கையெழுத்தாகாது. நீங்களும் சாட்சி என்றால், சாட்சிக்குரிய இடத்தில் தனியாகக் கையெழுத்திடுங்கள்.