சிவப்புத் தாளை முதலில் எடு

அன்புள்ள மகளுக்கு,

பார்சல் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, வேலை இருந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் கண்ணாடித்தாள், மூன்று சின்ன டார்ச், ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். எல்லாம் பையனுக்குத்தான், ஆனால் நீயும் கூட உட்கார வேண்டும், அவன் கையில் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்துவிடாதே. பூதக்கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடு. லேசர் லைட் யாராவது வாங்கிக் கொடுத்தாலும் எடுத்து வைத்துவிடு. விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டாலும் பிள்ளை அழ மாட்டான், அதுதான் எனக்குப் பயம்.

தாளை இரண்டாக மடித்து டார்ச்சின் முகத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. இருட்டறையில் மூன்றையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து, வெள்ளைச் சுவரில் ஒரே இடத்தில் விழும்படி அடி. கிட்டத்தட்ட வெள்ளை வரும். சுத்த வெள்ளை வராது, இந்தத் தாள் நிறத்தை அவ்வளவு சுத்தமாகப் பிரிக்காது. அப்புறம் அவனைக் கையை நீட்டச் சொல். ஒரே கைக்குச் சுவரில் மூன்று நிழல் விழும், மூன்றும் நிறத்தோடு இருக்கும். நீல ஒளியைக் கை மறைத்த இடத்தில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள், சிவப்பை மறைத்த இடத்தில் சியான் என்கிற நீலப்பச்சை, பச்சையை மறைத்த இடத்தில் மெஜந்தா என்கிற ஊதாச்சிவப்பு. மூன்று நிழலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடம் மட்டும்தான் கருப்பு. பெயிண்ட் கலந்த பழக்கத்தில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் அழுக்கு நிறம்தானே என்று உனக்குத் தோன்றும். பெயிண்ட் ஒளியை விழுங்குகிறது, இங்கே ஒளியோடு ஒளி சேருகிறது.

உன் போனில் மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து அதன்மேல் கடுகளவு தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்க்கச் சொல். சொட்டே லென்ஸ் ஆகிவிடும். உள்ளே மஞ்சள் இருக்காது, சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள்தான் தெரியும்.

இதையெல்லாம் செய்யும்போது அவன் நிறத்தின் பெயரை மாற்றிச் சொன்னால் திருத்தாதே. எது பளிச்சென்று இருக்கிறது, எது மங்கல் என்று மட்டும் கேள். திருத்தவே வேண்டாம்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஷூ டப்பாவில் ஊசித்துளைக் கேமரா செய்து, எண்ணெய் தடவிய தாளில் ஜன்னல் தலைகீழாக விழுந்ததைப் பார்த்துவிட்டு, ஏன் தலைகீழ் என்று நீயாகவே கோடு போட்டுக் கண்டுபிடித்தாய். ஒளி நேர்கோட்டில் போவதால் மேலிருந்து வருவது துளை வழியாகக் கீழே விழுகிறது என்று எனக்கே பாடம் எடுத்தாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பொறுமையில் பாதியைப் பையனிடம் காட்டினால் போதும். கவனமே இல்லை, வேண்டுமென்றே செய்கிறான் என்று எழுதியிருந்தாயே, அது எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் படத்தைத்தான் சொல்கிறேன். மரம் வரைந்து கலர் அடித்ததை போட்டோ எடுத்து அனுப்பினாய். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை, நல்ல மரம், கிளைகூட ஒழுங்காகப் பிரிந்திருந்தது. அம்மாதான் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நான் கேட்ட பிறகுதான் சொன்னாள், இலையெல்லாம் பழுப்பு, அடிமரம் பச்சை என்று.

என் சட்டை சமாச்சாரம் உனக்குத் தெரியும், சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரித்துத் தெரியாது. அது என்னோடு முடிந்துவிடும் என்று நீ நினைத்திருப்பாய். சிவப்பு, பச்சையை உணர்கிற மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. என்னிடம் இருக்கும் ஒரே எக்ஸ் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. அம்மா கொடுத்த இன்னொன்று உன்னைக் காப்பாற்றிவிட்டது. உன் மகனுக்கு இரண்டில் எது போயிற்றோ, பாதிக்குப் பாதி. போயிருந்தால் அது என்னிடமிருந்து வந்தது. உன் வளர்ப்பிலும் குறையில்லை, அவன் புத்தியிலும் குறையில்லை. இதைப் போனில் சொல்ல எடுத்தேன், வாய் வரவில்லை.

ஜான் டால்டன், அணுக் கொள்கை சொன்னவர், 1794-ல் தன் கண்ணைப் பற்றியே ஒரு கட்டுரை வாசித்தார். இளஞ்சிவப்பு ஜெரேனியம் பூ அவருக்குப் பகலில் வான நீலமாகத் தெரிந்ததாம். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும் என்று நம்பி, செத்த பிறகு அறுத்துப் பார்க்கச் சொன்னார். 1844-ல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகத்தான் இருந்தது. பத்திரப்படுத்திய கண்ணிலிருந்து 1995-ல் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோதுதான் பச்சைக்கான நிறமி இல்லை என்று தெரிந்தது. அவ்வளவு பெரிய மூளைக்கே தன் கண் பிடிபடவில்லை, உன் பையனிடம் போய்க் கோபப்படுகிறாயே.

சிவப்புத் தாளை முதலில் எடு. சிவப்பு கிரேயானையும் பச்சை கிரேயானையும் பக்கத்தில் வைத்து, தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கச் சொல். சிவப்பு வெளுத்துப் பளிச்சென்று இருக்கும், பச்சை கறுத்துப்போகும். எனக்கே இரண்டும் அப்போது தனித்தனியாகத் தெரியும், சட்டைப்பையில் ஒரு துண்டு எப்போதும் வைத்திருக்கிறேன். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு டார்ச் அடித்தும் காட்டு. பக்கவாட்டில் லேசான நீலம், எதிரே பிடித்த வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. நீல ஒளி அதிகம் சிதறுகிறது, வானமும் அப்படித்தான். இது எங்களுக்கும் நன்றாகத் தெரிகிற வித்தை, அவன் தைரியமாகப் பதில் சொல்வான்.

அப்புறம் கண் மருத்துவரிடம் கூட்டிப் போ. இஷிஹாரா அட்டை என்று கேள், நிறப் புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்கிற சோதனை, 1917-லிருந்து இருக்கிறது, ஊசியும் இல்லை மருந்தும் இல்லை. எண் படிக்கத் தெரியாத பிள்ளைகள் விரலால் கோட்டைத் தொடருகிற அட்டைகளும் அதில் உண்டு. பரிட்சை என்று சொல்லி அழைத்துப் போகாதே. மாப்பிள்ளையிடம் நீ சொல்லத் தயங்கினால் நான் பேசுகிறேன். பள்ளியிலும் சொல்லி வை, கிரேயான்மேல் பெயர் எழுதி ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

லேசர் மட்டும் வேண்டாம். மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கே போன் பண்ணு, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அப்பா